இளங்குதிரையின் வாய்க்கு முதல் இரும்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடிச் சந்தை முடிந்து சில மாதங்கள் ஆனதும், புதிதாக வாங்கிய குட்டிக்குக் கடிவாளம் பழக்குவது எப்படி என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் ஐந்தை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளேன். பேச்சில் ‘கடிவாளம்’ என்ற ஒரே சொல்லால் வாய்க்குள் இருக்கும் இரும்பையும், அதைத் தாங்கும் தலைவார்களையும், நம் கைக்கு வரும் லகானையும் சேர்த்தே குறித்துவிடுகிறோம். குதிரைக்கு இவை மூன்றும் மூன்று தனித்தனிப் பாடங்கள் என்பதால், இங்கே வாயிரும்பு, தலைவார், லகான் என்று பிரித்தே எழுதுகிறேன்.

*

கேள்வி: சென்ற ஆடியில் அந்தியூரில் ஒரு காத்தியவாரிப் பெண்குட்டியை வாங்கினேன். இப்போது அதற்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. தலைக்கயிற்றுக்கு நன்றாகப் பழகிவிட்டது. கூப்பிட்டால் வருகிறது, நில் என்றால் நிற்கிறது. “வாயில் இரும்பைப் போட்டு, லகானை வயிற்றுவாரோடு இழுத்துக் கட்டி, ஒரு பகல் முழுக்க லாயத்தில் நிறுத்து, வாய் தானாகப் படிந்துவிடும்” என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, ஐயா? எந்த வயதில் தொடங்குவது சரி? – ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வழக்கம் பல ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் லகானை வாரோடு கட்டிவிட்டால், குட்டி எவ்வளவு பணிந்து கொடுத்தாலும் இரும்பின் அழுத்தம் தளர்வதே இல்லை. முதல் அரை மணி நேரம் அது விடுபட வழி தேடும். வழியில்லை என்று தெரிந்ததும் கழுத்தை மடக்கி, நாக்கைச் சுருட்டி, அந்த வலியோடு நிற்கக் கற்றுக்கொள்ளும். வாய் படிந்துவிட்டது என்று நாம் நினைப்பது உண்மையில் வாய் மரத்துப்போனதன் தொடக்கமே. பிற்காலத்தில் ‘இந்தக் குதிரை வாய் கெட்டது, எவ்வளவு இழுத்தாலும் கேட்பதில்லை’ என்று சொல்லப்படும் குதிரைகளில் பல இப்படி உருவானவைதாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். வயதுக்கு முன் பல்லைப் பாருங்கள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. வாயிரும்பு அமர்வது அங்கேதான். அந்த இடத்தில் தாடை எலும்பு கத்தியின் முதுகுபோல் மெலிந்திருக்கும், அதன்மேல் ஈறு மெல்லிய போர்வையாக மட்டுமே இருக்கும். உங்கள் முழங்கால் கீழெலும்பின் முன்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள், அங்கே என்ன உணர்வு எழுகிறதோ ஏறக்குறைய அதுதான் குட்டிக்கும்.

அந்த இடைவெளியின் பின்கோடியில், முதல் பெரிய கடைவாய்ப்பல்லை ஒட்டி, பல குதிரைகளுக்கு ஒரு சிறு பல் முளைக்கிறது. பெரும்பாலும் மேல்தாடையில், 5 முதல் 12 மாதத்துக்குள் வெளிவரும் இதை ஓநாய்ப்பல் என்பார்கள். ஆண், பெண் இரண்டிலும் வரும், மெல்லுவதற்குப் பயன்படாது. சில குதிரைகளில் அது ஈறுக்குள்ளேயே மறைந்திருக்கும். இரும்பு பின்னோக்கி நகரும்போது கடைவாய்த் தோலை இந்தப் பல்லோடு நெருக்கினால் குட்டிக்குச் சுரீரென்று வலிக்கும். அது தலையை உதறும். நாம் அதை முரட்டுத்தனம் என்போம். ஆகவே இரும்பு போடும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, இருந்தால் எடுத்துவிட்டு, புண் ஆறும்வரை காத்திருப்பது நல்லது.

உங்கள் குட்டி இன்னொரு கட்டத்தையும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை வயதில் நடு முன்பற்களும் முதல் கடைவாய்ப் பால்பற்களும் விழுந்து புதியவை முளைக்கத் தொடங்கும். பிறகு நாலரை வயதுவரை இது விட்டுவிட்டு நடக்கும். பல் விழும் வாரங்களில் ஈறு வீங்கி, தீவனம் தின்பதே வேகம் குறைந்திருக்கும். அந்த நாட்களில் இரும்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைக்கயிற்றோடு மட்டும் வேலை செய்யுங்கள். மேலும், குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால், மெல்ல மெல்ல மேற்பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறும். மருத்துவர் அரத்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வார். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுக முடிந்தவர்கள் ஒரு முறையாவது குட்டியை அழைத்துச் சென்று வாயைக் காட்டிவிடுங்கள்.

பல் சரியாக இருந்தால் இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் வாயிரும்பைப் பழக்கத் தொடங்கலாம். பழக்கலாம் என்றால் ஏறலாம் என்று பொருளல்ல. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுதாக இறுகுவதற்கு ஐந்து வயதையும் தாண்டுகிறது. உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். தினமும் தீவனத்துக்கு முன், குட்டியின் இடத் தோளருகே நின்று, உதட்டோரத்தில் கட்டை விரலை வைத்து, பல்லில்லாத அந்த இடைவெளிக்குள் மெல்ல நுழையுங்கள். அது நாக்கை அசைத்து வாயைத் திறந்த நொடியில் விரலை எடுத்துவிட்டுத் தட்டிக்கொடுங்கள். விரல் வைத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் விரல் போய்விடும் என்ற கணக்கு அதற்குப் புரிந்துவிட்டால், இரும்பு வரும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

*

கேள்வி: முதல் இரும்பாக எதை வாங்குவது? கடையில் பத்து வகை காட்டுகிறார்கள். அளவு எப்படிப் பார்ப்பது? – ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: இருபுறமும் வளையம், நடுவில் ஒன்றோ இரண்டோ மூட்டு, நெம்புகோல் போன்ற நீண்ட கைகள் எதுவும் இல்லாதது: இதைத்தான் ஸ்னாஃபில் என்கிறார்கள். குட்டிக்கு அது போதும். கீழ்நோக்கி நீண்ட கைகளும் தாடைச் சங்கிலியும் கொண்ட கர்ப் வகை, நம் கையின் சிறு இழுப்பைப் பல மடங்காக்கி வாய்க்குள் இறக்கும். கற்றுக்கொள்ளும் குட்டிக்கும் கற்றுக்கொடுக்கும் கைக்கும் அது ஏற்றதல்ல. ஒற்றை மூட்டு இழுபடும்போது கொட்டைப்பாக்குவெட்டிபோல நாக்கை நெருக்குகிறது என்பதால், நடுவில் சிறு தட்டையான துண்டு வைத்த இரட்டை மூட்டையே நான் விரும்புகிறேன். வளையத்துக்கும் வாய்க்கம்பிக்கும் இடையில் தோல் சிக்காதபடி முட்டை வடிவ இணைப்போ ‘டி’ வடிவ வளையமோ உள்ளதாகப் பாருங்கள்.

தடிமன் 14 முதல் 16 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெலிந்த கம்பி அறுக்கும். தடித்ததுதான் மென்மை என்று நினைத்து மிகப் பருமனானதை வாங்கினால், காத்தியவாரி, மார்வாரி போன்ற சிறுமுகக் குதிரைகளுக்கு வாயை மூடவே இடமிருக்காது.

அகலத்துக்கு, வழவழப்பாக இழைத்த மெல்லிய மரக்குச்சி ஒன்றை இரும்பு அமரும் இடத்தில் வாய்க்குக் குறுக்கே வைத்து, இருபுறமும் உதடு முடியும் இடத்தில் அடையாளம் போடுங்கள். அந்த அளவோடு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் போதும். அதைவிட அகலமானால் இரும்பு பக்கவாட்டில் சறுக்கும், மூட்டு நடுவிலிருந்து விலகும், நாக்கை இரும்புக்கு மேலே தூக்கிப் போடும் கெட்ட பழக்கமும் பல நேரங்களில் இங்கிருந்துதான் பிறக்கிறது.

வாங்கும்போது ஒரு பஞ்சுத் துண்டைக் கொண்டுபோங்கள். வாய்க்கம்பி முழுவதும், மூட்டின் உட்புறமும் பஞ்சால் தடவிப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை பிடித்தால் அங்கே பிசிறு இருக்கிறது, அதை வாங்காதீர்கள். மலிவான முலாம் பூசிய இரும்பு சில மாதங்களில் உரிந்து சிலும்பெடுக்கும், ஆகவே துருப்பிடிக்காத எஃகு நல்லது. உங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை இரும்பு பனிக்கட்டியாக இருக்கும். உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றிய பின்பே வாயில் கொடுங்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: சித்திரை வெயிலில் வேலியில் தொங்கிய இரும்பை அப்படியே எடுத்து மாட்டினால் நாக்கு பொத்துப்போகும்.

*

கேள்வி: இரும்பில் வெல்லம் தடவலாமா? ஒரே கடிவாளத்தை இரண்டு குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போடலாமா? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் மூன்று நான்கு நாட்கள் கொஞ்சம் வெல்லப்பாகு தடவலாம். அதற்குமேல் வேண்டாம், இனிப்புக்காகக் கையைக் கடிக்கத் தொடங்கும். மாற்றிப் போடுவதைத் தவிருங்கள். தாடைக்கட்டி நோயான ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமி தண்ணீர்த் தொட்டி, வாளி, கடிவாளம் வழியாக ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். அதேபோல் பரவும் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றக்கூடிய கொடிய நோய். புதிதாக வாங்கிவந்த குதிரைக்குப் போட்ட எதையும் பழைய குதிரையின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

*

கேள்வி: எங்கள் மார்வாரி ஆண்குட்டிக்கு மூன்று வயது. வாயில் இரும்பை வாங்கிக்கொள்கிறான். ஆனால் உச்சிவாரைக் காதுக்கு மேலே கொண்டுபோனால் தலையை வானத்துக்குத் தூக்கிவிடுகிறான். இரண்டு பேர் பிடித்து மாட்ட வேண்டியிருக்கிறது. கழற்றும்போதும் இதே போராட்டம். – ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: இரண்டு பேர் பிடித்து மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கிடைக்கும் பாடம், காதருகே கை வந்தால் சண்டை வரும் என்பதே.

மார்வாரியின் காது மற்றப் பெரும்பாலான குதிரைகளின் காதைப்போல் அல்ல. நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்த அழகே இங்கே தொல்லையாகிறது: சாதாரணமாக மாட்டுவதுபோல் உச்சிவாரை முன்னிருந்து பின்னுக்கு இழுத்தால், வளைந்த நுனி வாரின் அடியில் மடங்கிக்கொள்கிறது. உங்கள் காது மடலை ஒருவர் மடித்துப் பிடித்து இழுத்தால் நீங்களும் தலையைத் தூக்கத்தான் செய்வீர்கள்.

முதலில் நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காதுக்குள் உண்ணி இருக்கிறதா, தோல் தடித்திருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால், கடிவாளத்தையே கையில் எடுக்காமல் ஒரு வாரம் வேலை செய்யுங்கள். கழுத்திலிருந்து பிடரி வழியாக மேலே தடவிக்கொண்டே போங்கள். அவன் எந்த இடத்தில் கழுத்தை விறைக்கிறானோ அதற்கு ஒரு விரற்கடை முன்பாகவே கையை நிறுத்தி, அவன் மூச்சை விட்டுக் கழுத்தைத் தாழ்த்தும்வரை அங்கேயே இருந்து, தாழ்த்தியதும் கையை எடுத்துவிடுங்கள். நாளுக்கு நாள் அந்த எல்லை காதை நோக்கி நகரும். அவன் தலையை உதறும்போது கையை எடுத்தால், உதறினால் கை போய்விடும் என்று கற்பான். உதறும்போது கை மெதுவாகக் கூடவே செல்ல வேண்டும், அடங்கும்போதுதான் விலக வேண்டும்.

இதற்கிடையில் வாயிரும்புப் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க, இடப்புறக் கன்னவாரின் பக்கிளைக் கழற்றி, உச்சிவாரைக் காதுக்குப் பின்னால் பிடரியின்மேல் கழுத்துப்பட்டைபோல் வைத்து, இரும்பை வாயில் கொடுத்த பிறகு பக்கிளைப் பூட்டிவிடுங்கள். காதைத் தொடவே வேண்டியதில்லை. நெற்றிவாரைச் சில வாரங்களுக்கு உருவி வைத்துவிடுங்கள்.

காது பழகிய பிறகு வழக்கமான முறைக்கு வரலாம். இடத் தோளருகே, அவன் பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். வலக்கையை அவன் தாடையின் அடிவழியே கொடுத்து, மூக்கெலும்பின்மேல் இரண்டு கன்னவார்களையும் சேர்த்துப் பிடியுங்கள். இடது உள்ளங்கையில் இரும்பு கிடக்க, கட்டைவிரல் உதட்டோரத்தில் நுழையட்டும். வாய் திறந்ததும் வலக்கை உயர வேண்டும். இடக்கை இரும்பைத் தள்ளக் கூடாது. பிறகு ஒவ்வொரு காதையும் அடியில் உள்ளங்கையால் மூடி, நுனியை முன்னோக்கிச் சாய்த்து, வாருக்கடியில் வழுக்கவிடுங்கள்.

கழற்றும்போதும் போராட்டம் என்று எழுதியிருந்தீர்கள். என் கவனம் அந்த வரியில்தான் நின்றது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால், நான் பழக்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியின் தலைவாரை அவசரமாக உருவி இழுத்துவிட்டேன். இரும்பு கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அது பயந்து பின்வாங்க, கையிலிருந்த வார் இறுக, இரும்பு பல்லில் மோதி விடுபட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே நொடியில் நான் செய்த பிழைக்கு, ஓராண்டுக்கும் மேலாக அந்தக் குட்டி கடிவாளம் கழற்றும்போதெல்லாம் தலையை வீசிக்கொண்டே இருந்தது. உங்கள் குட்டிக்கும் இப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும். உச்சிவாரைக் காதைத் தாண்டி இறக்கியதும் கையை அங்கேயே தாமதப்படுத்துங்கள். அவன் நாக்கால் துழாவி, வாயைத் திறந்து, இரும்பைத் தானே கீழே விடும்வரை காத்திருங்கள். அதற்குப் பத்து நொடி ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம்.

*

கேள்வி: ரேக்ளா பந்தயத்துக்குப் பழக்கப்பட்ட நான்கு வயதுக் குதிரையை வாங்கினேன். அதோடு முட்கள் வைத்த இரும்பையும் கொடுத்து, “இது இல்லாமல் நிற்காது” என்றார்கள். இப்போது சாதாரண இரும்பு போட்டால் வாயைப் பிளந்துகொண்டு இழுக்கிறது. மூக்குவாரை இறுக்கிக் கட்டலாமா? லகானை முதலிலிருந்து எப்படிப் பழக்குவது? – ஒரு வாசகர், கரூர்

பதில்: அந்த முள்ளிரும்பை மீண்டும் எந்தக் குதிரையின் வாய்க்கும் போகாதபடி அழித்துவிடுங்கள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் வகுக்கப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள், முள்ளோ குமிழோ துருத்தும் முனையோ கொண்ட வாயிரும்பைப் பயன்படுத்துவதைத் தெளிவாகத் தடைசெய்துள்ளன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

மூக்குவாரை இறுக்க வேண்டாம். வாயைப் பிளப்பது வலிக்கிறது என்று அது சொல்லும் மொழி. வாரை இறுக்கினால் அது சொல்ல முடியாமல் போகும், வலி அப்படியே இருக்கும். மூக்கெலும்பின்மேல் வாருக்கடியில் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். தொண்டைவாரில் நான்கு விரல்கள். குதிரையால் வாய்வழியே மூச்சு வாங்க முடியாது. அதன் மூக்குக்கும் தொண்டைக்கும் குறுக்கே எதையும் இறுக்குவது அதன் மூச்சையே இறுக்குவதாகும்.

மருத்துவர் வாயைப் பார்த்து, நாக்கிலும் ஈறிலும் உள்ள புண் ஆறிவிட்டது என்று சொல்லும்வரை தலைக்கயிறு மட்டும் போதும். அதன்பின் இதைப் புதுக்குட்டியாகவே நினைத்துத் தொடங்குங்கள். இங்கே எழுதுவது முதல் கேள்வி கேட்ட தாராபுரம் வாசகருக்கும் சேர்த்துத்தான்.

நிற்பது, இடம் திரும்புவது, வலம் திரும்புவது, பின்வாங்குவது ஆகிய நான்கையும் முதலில் தலைக்கயிற்றிலேயே கற்றுக்கொடுங்கள். ‘நில்’ என்ற சொல் எப்போதும் கையசைவுக்கு அரைநொடி முன்னால் வரட்டும். இவை பிசகாமல் வந்த பிறகு தலைக்கயிற்றின்மேலேயே தலைவாரையும் இரும்பையும் மாட்டுங்கள், ஆனால் லகானை இணைக்காதீர்கள். இரும்பு உதட்டோரத்தைத் தொட்டு ஒரு மெல்லிய மடிப்பு விழும் உயரத்தில் இருக்கட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பதினைந்து. நாக்கால் துழாவும், மெல்லும், நுரை தள்ளும், அதைத் தடுக்காதீர்கள். இரும்போடு தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏதாவது கொக்கியில் வளையம் மாட்டிக்கொள்ளும். எந்தக் காலத்திலும் வாயிரும்பில் கயிறு போட்டுக் கட்டக் கூடாது, கட்டுவது தலைக்கயிற்றில்தான். காளைக்கு மூக்கணாங்கயிறு பழகிய கைகள் இங்கே அடிக்கடி தவறு செய்கின்றன.

மெல்லுவது ஓய்ந்து, இரும்பு இருப்பதையே மறந்து நிற்கும் நாளில் லகானை இணைக்கலாம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு லகான்: ஒன்று தலைக்கயிற்றின் கன்ன வளையத்தில், மற்றது வாயிரும்பில். முதலில் தலைக்கயிற்று லகானால் சொல்லுங்கள், வாயிரும்பு லகான் தொய்வாகக் கூடவே வரட்டும். நாட்கள் செல்லச் செல்ல வாயிரும்பு லகான் முன்னே வரும், மற்றது பின்னே போகும். தெரிந்த பாடத்தையே புது மொழியில் கேட்பதால் குதிரைக்குத் திகைப்பு வராது.

அந்த லகானைப் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடத் தோளருகே நின்று, ஈரத்துணியை மெல்லப் பிழிவதுபோல் விரல்களை மூடுங்கள். முழங்கை அசையக் கூடாது. மூடிய விரல்கள் மூடியபடியே காத்திருக்கட்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குதிரை முதலில் தலையைத் தூக்கிப் பார்க்கும், பிறகு முன்னே தள்ளிப் பார்க்கும். அடுத்து ஒரு கணம், தாடை தளர்ந்து மூக்கு நுனி இரண்டு விரற்கடை உங்கள் பக்கம் வரும். அந்தக் கணத்திலேயே விரல்களைத் திறந்துவிடுங்கள். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, அது விலகுவதிலிருந்து. விலகுவதற்குச் சற்று முன் தான் செய்தது எதுவோ அதுவே சரியான விடை என்று அது எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொடி தாமதித்து விட்டால், அதற்குள் அது மீண்டும் தலையைத் தூக்கியிருக்கும். நீங்கள் தலை தூக்கியதற்கே பரிசு கொடுத்துவிட்டீர்கள். இடப்பக்கம் மூன்று முறை சரியாக வந்தால் வலப்பக்கம் மூன்று முறை, அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

பந்தயக் குதிரைக்கு இழுப்பு என்றாலே ஓடு என்ற பொருள் மனத்தில் பதிந்திருக்கும் என்பதால், உங்களுக்கு இது குட்டியைவிட அதிக நாள் பிடிக்கும். வண்டியில் பூட்டாதீர்கள். 7 அல்லது 8 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகளை இருபுறமும் வயிற்றுவாரின் வளையங்கள் வழியே கொடுத்து, உதைக்கு எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் பின்னால் நடந்து, அடைப்புள்ள இடத்தில் நடையிலேயே பழக்குங்கள். நேர் பின்னால் இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது என்பதால் உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அந்த நடையில், ‘நில்’ என்ற சொல்லுக்கு விரல் மூடும் முன்பே அது நிற்கும் நாள் வந்தால், அதன்பிறகு எனக்கு எழுதுங்கள். வண்டியைப் பற்றி அப்போது பேசலாம்.